டார்ஜிலிங் டீ: நாலு வருஷ அனுபவம்

முதல் பாக்கெட்டைப் பாலில் கொட்டித்தான் பாழாக்கினேன். வீட்டுப் பழக்கப்படி பாலும் தண்ணீரும் கலந்து தளதளவெனக் கொதிக்கவிட்டேன், சாயமே இறங்கவில்லை. "காசு கொடுத்து வாங்கின டீயா இது, டம்ளர் கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்றார் அம்மா. தப்பு இலையில் இல்லை. நாம் அன்றாடம் வாங்குவது சிடிசி தூள், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய குருணை, பாலுக்கு அதுதான் லாயக்கு. டார்ஜிலிங்கோ முறுக்கிக் காயவைத்த முழு இலை, வெறும் வெந்நீரில் ஊறவேண்டியது.

அப்புறம் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ், அதாவது மார்ச், ஏப்ரல் பறிப்பு. பிளாக் டீ என்று போட்டிருக்கும், பிரித்தால் பாதி இலை பச்சையாக இருக்கும். இலையை நன்றாக வாடவைத்து ஈரத்தைக் குறைத்துவிடுவதால் ஆக்சிஜனேற்றம் (காற்றுபட்டு இலை கறுப்பது) முழுசாக நடப்பதில்லை, அதனால்தான் அந்த நிறம். பூ மணம், லேசான துவர்ப்பு. ஊரே இதைத்தான் கொண்டாடுகிறது. எனக்கென்னவோ மே, ஜூனில் பறிக்கும் செகண்ட் ஃப்ளஷ்தான் பிடித்தது. தத்துப்பூச்சி கடித்த இலை தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் வாசனைப் பொருள்களால் இதற்கு ஒரு தனி மணம் வரும், அதை மஸ்கடெல், அதாவது மஸ்கட் திராட்சை மணம், என்பார்கள். ரொம்ப நாள் அந்த வார்த்தை எனக்குப் பிடிபடவே இல்லை, நம் கம்பம் பன்னீர் திராட்சையும் மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம்தான் என்று தெரிகிற வரைக்கும். அன்றைக்கே ஒரு கொத்து வாங்கிவந்து, ஒரு பழத்தின் தோலை விரலில் நசுக்கி மோந்துவிட்டு, சூடாக வடித்த கோப்பையை மோந்தேன். அச்சு அசல் அதே வாசனை என்று சொல்லமாட்டேன், ஆனால் அடியில் அது இருக்கிறது, ஒருதரம் பிடித்துவிட்டால் பிறகு விடாது.

போடும் விதம்: 150 மில்லி தண்ணீருக்கு 2 கிராம். ஸ்பூனை நம்பாதீர்கள், நீள இலை ஸ்பூனில் குவிந்து நின்று ஏமாற்றும், சின்னத் தராசு வாங்கிய பிறகுதான் எனக்கு ஒரே சுவை தினமும் வந்தது. ஃபர்ஸ்ட் ஃப்ளஷுக்குக் கொதித்த தண்ணீரை ஓரிரு நிமிடம் ஆறவிட்டு (85, 90 டிகிரி) மூன்று நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். ஒருநாள் போன் பேசப் போய் ஏழு நிமிடம் ஊறிவிட்டது, நாக்கு வறண்டுபோனது. செகண்ட் ஃப்ளஷ் கொஞ்சம் கூடுதல் சூட்டைத் தாங்கும். போர் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம், மேலே ஏடு மாதிரி படலம் கட்டி மணத்தையும் அமுக்கிவிடும்.

வாங்குவதில்தான் அடிபட்டேன். ஆன்லைனில் ஒரு கடை, பாக்கெட் போட்ட தேதியை மட்டும் அச்சிட்டு, முந்தின வருஷத்து ஃபர்ஸ்ட் ஃப்ளஷைத் தலையில் கட்டிவிட்டது, வைக்கோல் வாசம். இந்த இலை சில மாதங்களிலேயே மணம் இழந்துவிடும், அதனால் இப்போது பறித்த மாதம் கேட்டு 50 கிராம்தான் வாங்குகிறேன். 2004இல் புவிசார் குறியீடு வாங்கிய டீ இது, அந்தப் பெயரில் வேறு மலை இலையும் விற்கிறது என்பதால், இரண்டு இலையும் மொட்டும் ஏந்திய பெண் முத்திரை இருக்கிறதா என்றும் பார்ப்பேன்.

டப்பாவில் இப்போது அக்டோபர் பறிப்பு இருக்கிறது. செம்பு நிறம், மணம் கம்மி, ஆனால் வழவழவென்று இறங்குகிறது. அம்மாகூட அரை டம்ளர் குடித்தார், சர்க்கரை போட்டுத்தான்.