எஃப்டி என்று சொல்லிக் கொடுத்த பாலிசி

இந்த முறை மூன்று வார விடுப்பில் கும்பகோணம் போனதே கணக்கு வழக்குகளைச் சரிசெய்யத்தான். சிங்கப்பூர் வந்து ஒன்பது வருடமாகிறது. என் பழைய சேமிப்புக் கணக்கு அப்படியே கிடந்தது. வெளிநாட்டில் வேலைக்குப் போனவர்கள் அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும் என்பது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. தெரிந்தும் தள்ளிப்போட்டுவிட்டேன்.

வங்கியில் முதல் நாள் வேலை முடியவில்லை. பாஸ்போர்ட், பான் அட்டை, வேலை அனுமதியின் நகல் எல்லாம் இருந்தன; வெளிநாட்டு முகவரிச் சான்று மட்டும் இல்லை. மனைவியிடம் சொல்லி மின்கட்டண ரசீதை போனில் வாங்கி, அச்செடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். ஊர் வாடகை, ஓய்வூதியம் போன்ற வருமானத்துக்கு என்ஆர்ஓ; அதன் வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிப்பார்கள். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்புவதற்கு என்ஆர்இ. அந்த வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை, பணத்தைத் தடையில்லாமல் திரும்ப எடுத்துப் போகலாம். ஆனால் என்ஆர்இ டெபாசிட்டை ஒரு வருடத்துக்குள் உடைத்தால் வட்டி ஒரு பைசாகூடக் கிடையாது. ரூபாய் மதிப்பு இறங்குமோ என்று பயப்படுகிறவர்களுக்கு, வெளிநாட்டு நாணயத்திலேயே போட்டு வைக்கும் எஃப்சிஎன்ஆர் இருக்கிறது, ஒன்று முதல் ஐந்து வருடம் வரை.

பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதி, அஞ்சலகச் சேமிப்பு இரண்டையும் எங்களைப் போன்றவர்கள் புதிதாகத் தொடங்க முடியாது. மியூச்சுவல் ஃபண்டில் போடலாம், கேஒய்சி என்ற அடையாள விவரப் பதிவில் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) என்று மாற்றிய பிறகு. பக்கத்து வயல் விலைக்கு வருகிறது, வாங்கிப் போடேன் என்றார் அப்பா. வீடோ கடையோ வாங்கலாம். விவசாய நிலம் வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை என்று சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது.

அந்த வாரமே அத்தை வீட்டுக்குப் போனேன். "பணத்தை எஃப்டியில போட்டுட்டேன்பா, வங்கியிலயே பெரிய பத்திரமா குடுத்தாங்க" என்று பீரோவிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். எஃப்டி, அதாவது நிலையான வைப்பின் ரசீது ஒரே தாளாகத்தான் வரும். இது புத்தகம்போல் தடியாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் பிரீமியம் செலுத்தும் காலம் 10 வருடம், வருடத்துக்கு 2 லட்சம் என்று இருந்தது. அது காப்பீட்டு பாலிசி. அத்தைக்கு வயது 63. ஓய்வு பெற்றபோது வந்த பணம் அது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தத் தனியார் வங்கியில் அத்தை வருடக்கணக்காகக் கணக்கு வைத்திருக்கிறார், அந்த நம்பிக்கையில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். காப்பீடு தேவையான விஷயம்தான். ஆனால் அதை டெபாசிட் என்று சொல்லி ஒரு வயதானவரிடம் விற்பது அநியாயம். டெபாசிட்டை எப்போது வேண்டுமானாலும் உடைக்கலாம். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடும் உண்டு. இந்த மாதிரி பாலிசியை ஆரம்ப வருடங்களில் நிறுத்தினால் கட்டிய பணத்தில் ஒரு பகுதியாவது போய்விடும்.

ஒன்று மட்டும் கைகொடுத்தது. பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். கூரியர் உறையை நல்லவேளையாக அத்தை தூக்கிப் போடவில்லை. அதிலிருந்த தேதியைப் பார்த்தால் 12 நாள்தான் ஆகியிருந்தது. அன்று இரவே கடிதம் எழுதி, மறுநாள் காலையில் இருவருமாகப் போய்க் கொடுத்தோம். "நல்ல பிளான் சார், யோசிச்சுப் பாருங்க" என்றார் மேலாளர். யோசித்துவிட்டுத்தான் வந்தோம் என்று சொல்லி, கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் போடும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பணம் கணக்கில் ஏறியது. முத்திரைத்தாள் செலவும், அந்தச் சில நாள் காப்பீட்டுக்கான தொகையும் மட்டும் கழித்திருந்தார்கள். அத்தையை அஞ்சலகத்துக்கு அழைத்துப்போய் முதியோர் சேமிப்புத் திட்டத்தில் போட வைத்தேன். ஐந்து வருடம், வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். அத்தை பாஸ்புக்கை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொகையை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அப்புறம்தான் பைக்குள் வைத்தார்.