ஹாலுக்கு எது சரி: எல் சோபாவா, மரச் சோபாவா, திவானா, ஊஞ்சலா?

மூன்று சென்ட் இடம், அதில் 10 அடிக்கு 14 அடி ஹால். மதுரையில் வில்லாபுரம், ஆனையூர், திருநகர் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்த அளவு ஹாலைப் பார்க்கலாம். இதற்கு இருக்கை வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்பது “எத்தனை பேர் உட்காரணும்?” வீட்டுக்காரர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: வருஷத்தில் எத்தனை ராத்திரி, எத்தனை பேர் இந்த ஹாலில் படுப்பார்கள்? அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து உறவுகள் வந்து இறங்கினால் ஹால்தான் படுக்கையறை. காதுகுத்துக்கும் அப்படித்தான். ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் பத்து நாள் தங்கினாலும் அப்படித்தான். இந்தக் கணக்கை வைத்துத்தான் நான்கையும் இங்கே எடை போடுகிறோம்.

முதலில் இடம். ஹாலின் பரப்பு 140 சதுர அடி. 8 அடிக்கு 6 அடி எல் சோபா, 3 அடி ஆழம் என்றால் 33 சதுர அடியைப் பிடித்துக்கொள்ளும். மூன்று பேர் உட்காரும் மரச் சோபாவும் இரண்டு ஒற்றை இருக்கையும் சேர்ந்து சுமார் 28. 6 அடிக்கு 3 அடி திவான் 18. ஊஞ்சல் பலகை 12 சதுர அடிதான், ஆனால் அதை நம்பி ஏமாறக் கூடாது, பின்னால் வருகிறது. எதை வைத்தாலும் வாசற்படியிலிருந்து அடுப்பங்கரை வரை 3 அடி வழி விட வேண்டும். தண்ணீர்க் கேனும் சிலிண்டரும் அந்த வழியாகத்தான் போகும்.

எல் சோபாவில் ஆறு பேர் உட்காரலாம் என்று கடையில் சொல்வார்கள். ஐந்து பேர்தான் முடியும். மூலையில் இருப்பவரின் முழங்கால் பக்கத்து ஆளின் முழங்காலில் இடிக்கும், அதனால் அந்த இடம் தலையணைக்கும் ரிமோட்டுக்கும் ஆகிவிடும். இருக்கையின் ஆழம் 24 அங்குலத்துக்கு மேல் போனால் வயதானவர்கள் சாய்ந்து உட்கார முடியாது. சாய்ந்தால் கால் தரையில் படாது, எழ இன்னொரு கை வேண்டும். 20 முதல் 22 அங்குலம் போதும்.

மதுரை வெயிலில் இதன் பெரிய குறை ரெக்சின். சித்திரை, வைகாசியில் முதுகோடு ஒட்டும். தலை சாயும் இடத்திலும் கைப்பிடியிலும் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து மேல்தோலைத் தின்னும், சில வருஷத்தில் அங்கிருந்துதான் செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். துணிச் சோபா ஒட்டாது, ஆனால் வியர்வையையும் தூசியையும் குடித்து வைத்துக்கொள்ளும். ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்க முடியாத துணி உறை இந்த ஊருக்கு ஆகாது. (கடைசியில் எல்லாச் சோபாவும் ஒரு பழைய பெட்ஷீட்டுக்குக் கீழேதான் குடும்பம் நடத்துகின்றன என்பது வேறு விஷயம்.)

வாங்கியே தீருவதென்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று ஃபோம்: உட்காரும் இடத்துக்குக் குறைந்தது 32 டென்சிட்டி, தினமும் நான்கைந்து பேர் உட்காரும் வீடென்றால் 40. இதைப் பில்லில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். டென்சிட்டி குறைந்த ஃபோம் கடையில் மெத்தென்றுதான் இருக்கும், ஒரே வருஷத்தில் நடுவில் குழி விழும். இரண்டாவது, சோபாவைச் சாய்த்து அடியில் அடித்திருக்கும் கறுப்புத் துணியின் ஓரத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பேக்கிங் பெட்டிக் கட்டையும் வளைந்த ஆணியும் தெரிந்தால் அங்கேயே விட்டுவிட்டு வரலாம். அந்தக் கறுப்புத் துணியைக் கடித்து உள்ளே போகும் எலிக்கு, ஃபோம் குட்டி போட நல்ல இடம்.

படுக்கைக் கணக்கில் எல் சோபா ஒரே ஒருவருக்கு இடம் தரும். இரண்டு பாய் விரிக்கும் தரையை அடைத்துக்கொள்ளும்.

மரச் சோபாவுக்கு ஆயுள் அதிகம். தேக்கில் கரையான் ஏறாதது நடு வைரப் பகுதியில்தான். ஓரத்தில் வரும் வெளுத்த மரத்துக்கு அந்தக் காவல் இல்லை. பாலிஷ் போட்டுவிட்டால் இரண்டும் ஒரே நிறமாகிவிடும் என்பதால் பாலிஷுக்கு முன்பே பார்க்க வேண்டும். கால் மூட்டில் மரத்துக்குள் மரம் புகுந்திருக்கிறதா, ஆணியோ ஸ்க்ரூவோ மட்டும்தானா என்று பாருங்கள். ஒரு கைப்பிடியைப் பிடித்து மூலைவாட்டில் ஆட்டினால் தெரிந்துவிடும். பிரம்பு பின்னியது கோடைக்குச் சுகம். பிரம்பு லேசாகத் தொய்ந்தால் அடிப்பக்கம் ஈரத்துணியால் நன்றாக நனைத்து நிழலில் காயவிட்டால் மறுபடி இறுகும். ஆனால் பிள்ளைகள் ஏறி நின்று குதிக்கும் வீட்டில் பிரம்பு வேண்டாம். படுக்க இது உதவாது: வெளி அளவு ஆறேகால் அடி இருந்தாலும் இரண்டு கைப்பிடி போக உள்ளே ஐந்தே முக்காலுக்கு மேல் கிடைக்காது.

இந்த ஊரின் ஹாலுக்குத் திவான்தான் முதல் தேர்வு. ஆனால் ஆசாரியிடம் அளவு சொல்லும்போது பெரும்பாலான வீடுகளில் அது கெட்டுப்போகிறது. “உட்கார 18 அங்குலம் உயரம்” என்று சொல்வோம், அவரும் சட்டத்தை 18 அங்குலத்துக்கு அடித்துத் தருவார். மேலே 4 அங்குல மெத்தை போட்டதும் 22 ஆகிவிடும். பாட்டியின் கால் அந்தரத்தில் தொங்கும். மெத்தையோடு சேர்த்து 18 வர வேண்டும், அதனால் சட்டம் 14 அங்குலம். முழங்கால் வலி உள்ளவர் வீட்டில் இருந்தால் 15 அல்லது 16 வரை போகலாம்.

அகலம் 3 அடி, நீளம் 6 அடி என்று வைத்தால் கடையில் கிடைக்கும் ஒற்றை மெத்தை அப்படியே பொருந்தும். அளவைக் கூட்டிக் குறைத்து அடித்தால் ஒவ்வொரு முறையும் மெத்தை, உறை எல்லாம் தைக்கக் கொடுக்க வேண்டும். 3 அடி ஆழத்தில் சாய்ந்து உட்கார முடியாதே என்றால், அதற்குத்தான் திண்டு. 8 அங்குல உருட்டுத் திண்டு சுவரோரம், அதன் முன்னே 6 அங்குலத் தலையணை, மீதி 22 அங்குலம் உட்கார. ராத்திரி இரண்டையும் எடுத்துவிட்டால் ஒருவருக்கு முழுப் படுக்கை.

பலகை 12 மி.மீ. பிளைவுட் என்றால் அடியில் ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும், 18 மி.மீ. என்றால் இரண்டு அடிக்கு ஒன்று. அடியில் பெட்டி வைப்பதா, டிராயர் வைப்பதா என்பதும் யோசிக்க வேண்டியது. டிராயரைத் திறக்க முன்னே 2 அடி காலியாக இருக்க வேண்டும். மேல் பலகையைத் தூக்கும் பெட்டி என்றால் உட்கார்ந்திருப்பவரை எழுப்ப வேண்டும். தினமும் எடுக்காத ரஜாய், கூடுதல் பாய், தலையணைக்குத் தூக்கும் பெட்டியே போதும். பெட்டியின் பின்பக்கம் ஓர் அங்குல ஓட்டை ஆறேழு போடச் சொல்லுங்கள். காற்றுப் போகாத பெட்டியில் ஐப்பசி மழையில் துணி மக்கு வாடை அடிக்கும்.

மெத்தைக்கு ஃபோமைவிட இலவம்பஞ்சு குளிர்ச்சி. போடிநாயக்கனூர்ப் பக்கமிருந்து நல்ல பஞ்சு வருகிறது. பருத்திக் கழிவைக் கலக்கிறார்களா என்று பார்க்க ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள்: இலவம்பஞ்சு வழுவழுவென்று மின்னும், நனையாமல் மிதக்கும். அடிக்கடி வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும், சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து அடைக்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் பஞ்சு இது, திவானுக்குக் கீழே கொசுவத்தி வைக்கவே கூடாது. மேலே விரிக்க 60 அங்குலத்துக்கு 90 அங்குல ஒற்றை விரிப்பு அளவாக இருக்கும். சுங்குடி விரிப்பு வியர்வைக்கு நல்லது. முதல் இரண்டு மூன்று சலவைக்கு அதைத் தனியாகப் போடுங்கள், சாயம் போகும்.

இனி ஊஞ்சல். 10 அடி உயர ஹாலில் சங்கிலி ஏறக்குறைய எட்டரை அடி தொங்கும். மெதுவாக, 20 டிகிரி ஆடினாலே பலகை முன்னால் 3 அடி, பின்னால் 3 அடி போய்வரும். பலகையின் 2 அடி அகலத்தையும் சேர்த்தால் 8 அடி. 10 அடி அகல ஹாலில் குறுக்கே ஆடவிட்டால் இரண்டு பக்கமும் சுவருக்கு ஓரடிதான் மிச்சம், பிள்ளைகளின் கால் இடிக்கும். நீளவாக்கில் ஆடவிட்டால் 14 அடியில் 8 அடி ஊஞ்சலுக்கு. நடு ஹாலில் மின்விசிறியும் இருந்தால் சிக்கல் இரட்டிப்பு: 48 அங்குல விசிறியின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி வரை வரும். ஆடும்போது சங்கிலியும், பலகையில் எழுந்து நிற்கும் பிள்ளையின் தலையும் அதற்குப் பக்கத்தில் வரவே கூடாது. விசிறியை இடம் மாற்ற முடியாவிட்டால் ஊஞ்சலை மறந்துவிடுங்கள்.

எடையும் பார்க்க வேண்டும். 6 அடி, 2 அடி, 2 அங்குலத் தடிமன் தேக்குப் பலகை 2 கன அடி, சுமார் 37 கிலோ. மூன்று பேர் உட்கார்ந்தால் 240 கிலோ வரை வரும். வேகமாக ஆடினால் தாழ்ந்த புள்ளியில் இழுவை இன்னும் கூடும், நான்கு கொக்கியும் ஒரே மாதிரி சுமக்கவும் செய்யாது. அதனால் கொக்கியைக் கான்கிரீட் போடும்போதே வைப்பதுதான் முறை: 16 மி.மீ. கம்பியை வளைத்து, அதன் இரண்டு காலும் ஸ்லாப் கம்பிகளுக்கு மேலே பக்கத்துக்கு ஓரடியாவது படிந்திருக்கும்படி கட்ட வேண்டும். பீமுக்கு அடியில் வந்தால் இன்னும் நல்லது. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஊஞ்சல் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் நான்கு கொக்கி வைத்துவிடலாம், நான்கு துண்டுக் கம்பியோடு செலவு முடிகிறது. கட்டி முடித்த வீட்டில் துளை போட்டால் கம்பி வெட்டுப்படலாம். ஸ்லாப் முழுக்கத் துளைத்து மொட்டைமாடியில் பிளேட் வைத்து முடுக்கினால் பிடிமானம் கிடைக்கும், ஆனால் அந்த இடத்தில் தட்டோடு பூச்சைச் சரியாக மூடாவிட்டால் முதல் மழைக்கே ஒழுகும். இன்ஜினியர் பார்க்காமல் எதையும் செய்ய வேண்டாம். மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் மர உத்திரம் இருந்தால், அது சுவருக்குள் நுழையும் முனையைக் குத்திப் பாருங்கள். கரையான் அங்கேதான் ஆரம்பிக்கும்.

பழைய பலகைக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளை ஒரு நடை பார்த்து வரலாம். பழைய துளைகள் இருப்பது தப்பில்லை; துளைக்குக் கீழே புதுமாவு உதிர்ந்திருந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. பித்தளைச் சங்கிலி அழகுதான். ஆனால் வார்ப்புக் கண்ணிக்குள் காற்றுக்குமிழி இருந்தால் வெளியே தெரியாது, அதனால் தினமும் ஆடும் ஊஞ்சலுக்கு எவர்சில்வரோ இரும்போ போதும்.

திருவிழா ராத்திரியில் மட்டும் ஊஞ்சல் எல்லாவற்றையும் ஜெயிக்கும். இரண்டு பேர் பலகையைக் கழற்றிச் சுவரில் சாத்தி, சங்கிலியை எடுத்துவிட்டால் 140 சதுர அடியும் தரை. வரிசையாகக் கோரைப்பாய் விரிக்கலாம்.

ஆக, வாடகை வீட்டிலும் முதியவர்கள் இருக்கும் வீட்டிலும் ஒரு திவான், இரண்டு கைப்பிடி நாற்காலி, மாடிப்படிக்கு அடியில் அடுக்கி வைத்த நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. முற்றமோ நீள ஹாலோ இருந்து கொக்கியும் ஏற்கெனவே இருந்தால் ஊஞ்சல். எல் சோபா 12 அடிக்கு 18 அடிக்குக் குறையாத ஹாலுக்கு மட்டும்.

எங்கே போடுவது என்பதில் ஒரு சண்டை வரும். கனமான சாமான் கன்னி மூலையில்தான் என்பார்கள் பெரியவர்கள். அது தென்மேற்கு, மதுரையில் சாயங்கால வெயில் முழுக்க வாங்கி ராத்திரி ஒன்பது மணி வரை சூடு விடும் சுவரும் அதுதான். திவானை அங்கேயே போடுங்கள், ஆனால் மேற்குச் சுவரை ஒட்டாமல் தெற்குச் சுவரை ஒட்டி. மேற்குப் பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்றும் போகும், கூட்டவும் முடியும். தரை துடைக்கும் தண்ணீர் மரக்காலில் ஏறாமல் ரப்பர் புஷ் மாட்டிவிடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மாடிப்படியின் அகலத்தையும், படி திரும்பும் இடத்தையும், நிலைக்கதவின் உள்ளளவையும் டேப்பில் அளந்து கையில் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டரை அடிப் படியில் பிரிக்க முடியாத எல் சோபா ஏறாது. கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினால் கிரில்லைக் கழற்ற வேண்டிவரும், அதற்கான கூலியைக் கடைக்காரர் தரமாட்டார். திவானை நான்கு போல்ட்டில் பிரித்து மாட்டும்படி செய்யச் சொன்னால் இந்தத் தொல்லையே இல்லை.