டைரக்டர் வச்ச பேரா, வேஷம் குடுத்த பேரா?

நம்ம சினிமாவுல நடிகருக்கு பேர் ரெண்டு வழியில வரும். ஒன்னு, நடிக்க வரும்போதே டைரக்டர் வைக்கிறது. சிவாஜி ராவ் கெய்க்வாட்ங்கற பேரோட வந்தவருக்கு 1975ல பாலசந்தர் ரஜினிகாந்த்னு வச்சாரு, ஏன்னா சிவாஜின்னு ஏற்கனவே ஒரு மலை இங்க நின்னுட்டு இருந்துச்சு. பாரதிராஜாவும் அப்படித்தான், ஆஷாவ ரேவதி ஆக்குனாரு, உதய சந்திரிகாவ ராதா ஆக்குனாரு.

இன்னொன்னு நடிச்சு சம்பாதிக்கிறது. கணேசன், அறிஞர் அண்ணா எழுதுன நாடகத்துல சத்ரபதி சிவாஜியா நடிச்சத பாத்துட்டு பெரியாரே சிவாஜின்னு கூப்பிட்டாரு, அது அப்படியே நிலைச்சிடுச்சு. தேங்காய் சீனிவாசன் நாடகத்துல தேங்கா வியாபாரியா வந்து அசத்துனதால காமெடி நடிகர் தங்கவேலு அந்த பேர வச்சாரு.

இதுல செம விஷயம் என்னன்னா, 1966ல வந்த மேஜர் சந்திரகாந்த் படத்துலயே ரெண்டும் இருக்கு. அதுல மேஜரா நடிச்ச சுந்தரராஜன் கடைசி வரைக்கும் மேஜர் சுந்தரராஜன்தான், அதே கதையில மேஜரோட மகன் பேரு ரஜினிகாந்த், அதைத்தான் பாலசந்தர் எடுத்து புதுப் பையனுக்கு குடுத்தாரு.

டைரக்டர் வைக்கிற பேர்ல ஒரு வசதி இருக்கு, எந்த வேஷத்தோடவும் ஒட்டாது, ஹீரோ வில்லன் எதுவும் பண்ணலாம். வெண்ணிற ஆடை மூர்த்தி, நிழல்கள் ரவி மாதிரி பேர்ல முதல் படம் கூடவே வந்துட்டே இருக்கும். ஆனா எனக்கு ரெண்டாவது வழிதான் ரொம்ப பிடிக்கும், அதுல நடிகரோட உழைப்பு இருக்கு, ஜனங்க பாத்து ஒத்துக்கிட்டதும் இருக்கு.