டியூக் 390-க்கு லித்தியம் பேட்டரி: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

என் வண்டி 2016 மாடல் கேடிஎம் டியூக் 390. மதுரையில் தினமும் வேலைக்கு, மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு மலைக்கு. இந்த வண்டிக்குக் கிக்கர் கிடையாது. 373 சிசி ஒற்றை சிலிண்டர், கம்ப்ரெஷனும் அதிகம். அதனால் பேட்டரி கொஞ்சம் சோர்ந்தாலே செல்ஃப் எடுக்காது, தள்ளித்தான் ஆகவேண்டும். லெட் ஆசிட் பேட்டரிக்கு வயதாகி மாற்ற வேண்டிய நேரம் வந்தபோது, 2022 ஜூலையில், லித்தியம் வாங்கினேன். அது மூன்று மாதத்தில் செத்தது. 2023 ஜனவரியில் வாங்கிய இரண்டாவது பேட்டரி 17,000 கிலோமீட்டர் தாண்டி இன்றும் ஒரே அழுத்தில் வண்டியை எழுப்புகிறது. இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்பெனிப் பெயர்களை எழுதவில்லை. பெயரைவிட லேபிளில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிப்பதுதான் காசைக் காப்பாற்றும் என்பது என் அனுபவம்.

முதலில் எடை. பழைய பேட்டரியைத் தெருமுனை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 2 கிலோ 900 கிராம். புதியது 840 கிராம். கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி இருக்கும். ஆனால் ஓட்டும்போது அந்த 2 கிலோவை நான் உணரவே இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடை. இந்த வண்டியின் டேங்க் 11 லிட்டர். டேங்க் நிறைந்திருப்பதற்கும் பாதி இருப்பதற்கும் உள்ள வித்தியாசமே 4 கிலோவுக்கு மேல். பந்தயத்துக்கு ஒவ்வொரு கிராமாகக் குறைப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்தான், ஹோண்டா தன் ஃபயர்பிளேட் எஸ்பி மாடலில் கம்பெனியிலிருந்தே லித்தியம் வைத்துத் தருகிறது. ஆபீசுக்குப் போய்வருகிறவர்கள் எடையை மட்டும் நினைத்து 7,800 ரூபாய் கொடுக்க வேண்டாம். அன்றைக்கு அதே இடத்துக்கு லெட் ஆசிட் 1,900 ரூபாய்க்குக் கிடைத்தது.

சரி, முதல் பேட்டரி ஏன் செத்தது? அதன் மேல் பெரிய எழுத்தில் '12 வோல்ட் 9 ஏஹெச்' என்று போட்டிருந்தது. ஏஹெச் என்பது ஆம்பியர் ஹவர், பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற அளவு. என் பழைய பேட்டரி 8 ஏஹெச், அதனால் இது இன்னும் அதிகம் தாங்கும் என்று நினைத்தேன். அந்த 9-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'லெட் ஆசிட்டுக்கு ஈடாக' என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. இன்ஜினைச் சுற்றிவிடும் வேகத்தில் அது 9 ஏஹெச் லெட் பேட்டரிக்குச் சமம் என்பதுதான் அதற்கு அர்த்தம். சேமித்து வைக்கும் மின்சாரம் அவ்வளவு இல்லை. லித்தியம் செல்லின் உள்தடை குறைவு, அதாவது மின்சாரம் வெளியே வருவதை உள்ளே தடுப்பது குறைவு. சின்ன செல்லே நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் அள்ளிக் கொடுத்துவிடும். அதனால் கம்பெனிகள் சின்னதாகவே கட்டுகின்றன, எடை குறைவதும் அதனால்தான். உண்மையான கொள்ளளவு பக்கவாட்டில் இருந்தது: 36 வாட் ஹவர். வாட் ஹவர் என்பது வோல்ட்டையும் ஏஹெச்சையும் பெருக்கிய அளவு. அதை இந்த வகை பேட்டரியின் சராசரி வோல்ட்டான 12.8-ஆல் வகுத்தால் 2.8 ஏஹெச். பழையதில் பாதிகூட இல்லை.

எங்கள் தெருவில் இரண்டு வண்டி திருடு போன பிறகு, ஒரு ஜிபிஎஸ் டிராக்கரை நேராகப் பேட்டரியிலேயே இணைத்திருந்தேன். சாவியை எடுத்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். பின்னாளில் மெக்கானிக் தம்பி அளந்தபோது 22 மில்லி ஆம்பியர் இழுத்தது. 8 ஏஹெச் பேட்டரி இதை 15 நாள் தாங்கும். 2.8 ஏஹெச்சுக்கு 5 நாள் சொச்சம்தான். நான் ஒரு பயிற்சிக்காக 24 நாள் ஹைதராபாத்தில் இருந்தேன். திரும்பி வந்து மீட்டர் வைத்துப் பார்த்தால் மொத்தமே 4 வோல்ட். உள்ளே இருக்கும் நான்கு செல்லும் சேர்ந்து 10 வோல்ட்டுக்குக் கீழே போய் அப்படியே கிடந்தால் இந்த வகை பேட்டரி பிழைப்பது கஷ்டம். விற்றவர்கள் வாரண்டி தர மறுத்தார்கள். அதிகமாக இறங்கிப்போனால் பொறுப்பில்லை என்று அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருந்ததாம். வாங்கும்போது அதை யாரும் சொல்லவில்லை. டிராக்கர் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் போதும். இன்று நினைத்தாலும் அந்தக் கோபம் அடங்கவில்லை.

இரண்டாவதை வாங்குமுன் மூன்று விஷயம் பார்த்தேன். வாட் ஹவர் வெளிப்படையாக அச்சடித்திருக்க வேண்டும், இது 48 வாட் ஹவர். உள்ளே பிஎம்எஸ் இருக்க வேண்டும், அதாவது வோல்ட் மிகவும் இறங்கினால் பேட்டரி தானாகவே இணைப்பைத் துண்டித்துக்கொள்ள வேண்டும். பிளஸ் முனை பழையதைப் போல அதே பக்கம் இருக்க வேண்டும். டிராக்கரையும் சாவி போட்டால் மட்டும் ஓடும்படி மாற்றிவிட்டேன், திருட்டுக்குப் பயந்து இப்போது டிஸ்க் பூட்டு. பிஎம்எஸ்ஸுக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை. ஒருநாள் வீட்டு வாசலில் சாவியை ஆனில் விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மறுநாள் காலை வண்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. லித்தியத்துக்கான சார்ஜரை மாட்டி முக்கால் மணி நேரத்தில் உயிர் வந்தது. முதல் லித்தியம் பேட்டரியாக இருந்தால் இன்னொரு 7,800 போயிருக்கும்.

இரண்டாவதை மாட்டும்முன் மெக்கானிக் தம்பி ஒன்றில் பிடிவாதமாக நின்றான். வண்டி ஓடும்போது பேட்டரிக்குப் போகும் வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டர். "அக்கா, பேட்டரிய அப்புறம் மாட்டலாம், முதல்ல ரெகுலேட்டர் என்ன வோல்ட் விடுதுன்னு பாப்போம்." பழைய பேட்டரியை மாட்டி, 4,000 ஆர்பிஎம்மில் வைத்து அளந்தோம். 14.2 வோல்ட். அது சரியான அளவு. என் பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, அதன் நான்கு செல்லுக்கு 14.6 வோல்ட்தான் உச்சம். பழுதான ரெகுலேட்டர் 15-க்கு மேல் விட்டால் லெட் பேட்டரி கொதித்து, ஊதி, எப்படியோ சில வாரம் ஓட்டும். லித்தியம் அப்படிப் பொறுத்துக்கொள்ளாது. வண்டி பழையது என்றால் இந்த ஐந்து நிமிட சோதனையைச் செய்யாமல் வாங்காதீர்கள். அதேபோல, பழைய சார்ஜரில் சல்ஃபேட் நீக்கும் வசதி (லெட் தகடுகளில் படிவதை நீக்குவது) இருந்தால் அதை இதில் மாட்டவே கூடாது, அது வோல்ட்டை ஏற்றி ஏற்றி அடிக்கும்.

மீட்டரில் தெரியும் எண்ணை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும், இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை செல்ஃப் மந்தமாக இருக்கிறதே என்று ஒரு பேட்டரி கடையில் காட்டினேன். 12.7 வோல்ட் காட்டியது. "ஃபுல்லா இருக்கும்மா" என்று அனுப்பிவிட்டார். லெட் பேட்டரிக்கு அது சரிதான், 12.7 என்றால் நிறைவு. இதில் 12.7 என்றால் ஏறத்தாழக் காலி. நிறைந்து ஓய்ந்திருக்கும் லித்தியம் 13.3 பக்கம் காட்ட வேண்டும். அவர்மேல் தப்பில்லை, முப்பது வருடம் லெட் பேட்டரி பார்த்த கண்.

குளிர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். போன ஜனவரியில் கொடைக்கானல் தாண்டி பூம்பாறையில் தங்கினோம். காலை ஆறரைக்கு போன் 7 டிகிரி காட்டியது. செல்ஃப் பொத்தானை அழுத்தினால் இன்ஜின் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. பதற வேண்டாம். சாவியைப் போட்டு, பிரேக் விளக்கையும் இண்டிகேட்டரையும் இரண்டு நிமிடம் எரியவிட்டேன். மின்சாரம் ஓட ஓட செல் உள்ளே சூடாகும். இரண்டாவது அழுத்தில் இன்னும் வேகமாகச் சுற்றியது, மூன்றாவதில் வண்டி எழுந்தது. லெட் பேட்டரியில் ஒவ்வொரு அழுத்துக்கும் பலம் குறையும், இதில் கூடும். லடாக் போகிறவர்கள் மட்டும் யோசியுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏறுவது இந்த செல்லுக்கு நல்லதில்லை.

அம்மாவுக்குப் பயம் வேறு மாதிரி. 2022-ல் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்திகள் வந்துகொண்டே இருந்தன. "சீட்டுக்கு அடியில வெடிக்கிற சாமானை வெச்சுக்கிட்டா போற?" என்று தினமும் கேட்பார். இது போனில் இருக்கும் வகை இல்லை, இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தது, சூடானாலும் ஆக்சிஜனைச் சுலபத்தில் விடாது, அதனால் தீப்பிடிக்கும் ஆபத்து மிகக் குறைவு என்று விளக்கினேன். அதில் ஒரு மதுரைக்காரத் தொடர்பு இருப்பதைச் சொன்னதும்தான் கொஞ்சம் சமாதானமானார். இந்த வகை பொருட்களுக்கு வழி திறந்த 1980-களின் ஆராய்ச்சியில், லித்தியம் பேட்டரிக்கு அடித்தளமிட்ட விஞ்ஞானிகளில் ஒருவரான ஜான் குட்எனஃபுடன் வேலை செய்தவர் ஆறுமுகம் மந்திரம். மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2019-ல் குட்எனஃப் 97 வயதில் நோபல் வாங்கியபோது, அவருக்காக ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியது மந்திரம்தான். சித்திரை வெயிலில் சீட்டுக்கு அடியில் நன்றாகவே சுடுகிறது, இரண்டு கோடை போய்விட்டது, பேட்டரி உப்பவில்லை.

வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களுக்கும், கிக்கர் இல்லாத வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதைத் தைரியமாகச் சொல்வேன், டிராக்கரைச் சரிசெய்துவிட்டு வாங்குங்கள். லித்தியம் சும்மா இருந்தால் மிக மெதுவாகத்தான் இறங்கும். கிக்கர் உள்ள வண்டி தினமும் ஓடுகிறது என்றால் லெட் ஆசிட்டே போதும். என் தம்பியின் ஸ்பிளெண்டருக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன்.

ஆன்லைனில் வாங்கினால் பெரும்பாலும் விமானத்தில் வராது, சாலை வழியாகத்தான் வரும், எனக்கு ஒன்பது நாள் ஆனது. பழைய லெட் பேட்டரியைக் கடையில் கொடுத்தால் காசு கழிப்பார்கள். செத்த லித்தியத்தைப் பழைய இரும்புக்கடைக்காரர் தொடவே மாட்டேன் என்றார். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, எட்டு மாதம் மொட்டைமாடி அறையில் வைத்திருந்து, அப்புறம் மின்னணுக் கழிவு எடுக்கும் ஒரு நிறுவனத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.