வீட்டிலேயே கத்தி உறை: பைப்பா, கைடெக்ஸா, தோலா?

கருவிப்பெட்டிக்குள் ஸ்க்ரூடிரைவரைத் துழாவிய கை உளியில் பட்டது. காயம் பெரிதில்லை, ஒரு பிளாஸ்திரியோடு போயிற்று. உளியை எடுத்துப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. முந்தின வாரம் அரை மணி நேரம் உட்கார்ந்து தீட்டிய வாய். சுத்தியலோடு உரசிக் கிடந்ததில் இரண்டு இடத்தில் பல் விழுந்திருந்தது. உறை என்பது கையைக் காப்பாற்ற மட்டுமில்லை, கூர்மையைக் காப்பாற்றவும்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். மிச்சம் கிடந்த பிவிசி பைப், எச்டிபிஇ என்ற பாலித்தீன் வகைக் கறுப்பு பைப், கத்திப் பிரியர்கள் கொண்டாடும் கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகடு, தோல், மரம். எது உசத்தி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எந்தக் கருவிக்கு எது என்று கேட்டால் உண்டு.

பிவிசியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் செய்தது அதில்தான். இந்தப் பிளாஸ்டிக் சுமார் 80 டிகிரி செல்சியஸில் விறைப்பை விட ஆரம்பிக்கும். அதாவது கொதிக்கிற தண்ணீரின் சூடே போதும். இன்னும் கொஞ்சம் ஏறினால் ரப்பர் மாதிரி வளையும். ஆறும்போது எப்படிப் பிடித்திருக்கிறோமோ அப்படியே இறுகிவிடும். வடிவம் சரியில்லையா, மறுபடி சுடவைத்தால் தானாகவே பழைய உருளைக்குத் திரும்பப் பார்க்கும். கற்றுக்குட்டிக்கு இந்த ஞாபகசக்தி பெரிய வரம். தோலைத் தப்பாக வெட்டினால் போனது போனதுதான்; பைப்பைத் தப்பாக நசுக்கினால் இன்னொரு தடவை நசுக்கிக்கொள்ளலாம்.

எந்த அளவு பைப் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கணக்கு சுலபம். பைப்பின் உள்விட்டத்தை 1.57-ஆல் பெருக்குங்கள், கத்தி அலகின் கனத்தைக் கழியுங்கள். நசுக்கிய பிறகு உள்ளே கிடைக்கும் அகலம் அதுதான். (1.57 என்பது 3.14-இல் பாதி, சுற்றளவு இரண்டு பக்கமாகப் பிரிகிறது, அவ்வளவே.) 25 மி.மீ. பைப், சுவர் 2 மி.மீ. என்று வையுங்கள். உள்விட்டம் 21, பெருக்கினால் 33, அலகு 3 மி.மீ. கனம் என்றால் மிச்சம் 30. ஏட்டுக்கணக்குப்படி 30 மி.மீ. அகலக் கத்தி நுழைய வேண்டும். நிஜத்தில் நுழையாது. இரண்டு ஓரத்திலும் பிளாஸ்டிக் கூர்மையாக மடங்காமல் வட்டமாகவே நிற்கும், அங்கே இரண்டு மூன்று மில்லிமீட்டர் போய்விடும். அந்தக் கத்திக்கு 32 மி.மீ. பைப் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

பல் விழுந்த அந்த உளியின் அகலம் 25 மி.மீ., அதனால் 25 பைப்பே சரியாக இருந்தது. உளியின் அலகை விட இரண்டு விரல் நீளமாக ஒரு துண்டு வெட்டி, உள்பிசிறை உப்புத்தாளால் தேய்த்தேன். அலகின் மேல் காகித டேப்பை இரண்டு சுற்று சுற்றினேன். இதுதான் பிறகு உளி சிக்காமல் வெளியே வர இடம் தருகிறது. பைப் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் நாலைந்து நிமிடம் முழுக்கப் போட்டு, தடித்த கையுறையோடு எடுத்து, உளியை உள்ளே விட்டு, இரண்டு மரக்கட்டைக்கு நடுவே வைத்து கிளாம்பை முறுக்கினேன். கட்டை மரமாகத்தான் இருக்க வேண்டும். இரும்பு வைஸின் தாடைகள் சூட்டை உறிஞ்சிவிடும். பாதி நசுங்கும் முன்பே பைப் விறைத்துக்கொள்ளும். உளியும் ஜில்லென்று இருந்தால் அதே கதைதான், அதனால் அதையும் ஒரு நிமிடம் வெந்நீரில் முக்கிக்கொள்வேன். அந்தச் சூட்டில் எஃகின் பதம் கெட்டுவிடாதா என்று பயப்பட வேண்டாம். பதம் இளகத் தொடங்க அதை விட நல்ல சூடு வேண்டும்.

ஐந்து நிமிடம் கழித்துக் கிளாம்பை எடுத்தால், உருளையாக இருந்தது தட்டையான ஜேபியாகியிருந்தது. டேப்பை உரித்துவிட்டு உளியைச் செருகியபோது கடைசி அரை அங்குலத்தில் ஒரு சின்ன இறுக்கம். தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன், விழவில்லை. மொத்த வேலையும் இருபது நிமிடம்.

இப்படிச் செய்வது குழாய் உறை. இன்னொரு வழி, பைப்பை நீளவாக்கில் பிளந்து, சுடவைத்துப் பலகைக்கு அடியில் தட்டையாக்கித் தகடாக்குவது. 63 மி.மீ. பைப்பைப் பிளந்தால் சுமார் 19 செ.மீ. அகலத் தகடு கிடைக்கும். அதைக் கத்தியின் முதுகுப் பக்கம் மடித்து, கூர்ப் பக்கம் ரிவெட் அடிக்க வேண்டும். வேலை இரட்டிப்பு. அகலமான கத்திக்கும், பிடிக்கு அருகே வடிவம் மாறும் கத்திக்கும் வேறு வழியில்லை. வளைந்த அரிவாளுக்குக் குழாய் உறை நுழையவே நுழையாது. அதற்குப் பிளந்த பைப்பை வளைவுக்கு ஏற்றபடி சூடாக்கி வளைத்து, கூர்ப் பக்கமாக மாட்டிவிட்டு, ஒரு கயிற்றால் கட்டிவிடுகிறேன். பார்க்க அழகில்லை, காரியம் நடக்கிறது. நேரான, தட்டையான அலகு என்றால் கேள்வியே இல்லாமல் குழாய் உறைதான்.

எதில் சூடாக்குவது என்பதிலும் ஒரு போட்டி இருக்கிறது. கொதிநீருக்கு ஒரு நற்குணம்: எவ்வளவு நேரம் போட்டாலும் 100 டிகிரியைத் தாண்டாது, ஆகவே பைப் கருகவே முடியாது. ஆனால் 3 மி.மீ. சுவர் உள்ள தடித்த பைப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்தால் விறைப்பதற்குச் சில நொடிகள்தான் இருக்கும். ஹீட் கன் அந்தக் குறையைத் தீர்க்கும். ஒரு மூலையை மட்டும் இளக்கி மடிக்கவும் அதுதான் வசதி. அதன் மூக்கிலிருந்து வரும் காற்று பல நூறு டிகிரி, அதனால் ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கத்தியின் மெல்லிய விளிம்பில் நேராக அடிக்கவே கூடாது. பழைய டோஸ்டர் ஓவன் ஒன்று பட்டறைக்கென்றே இருந்தால் 110, 120 டிகிரியில் வைத்துச் சீராக இளக்கலாம். சமைக்கும் ஓவனில் வேண்டாம்.

நெருப்பு மட்டும் கூடவே கூடாது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. முதல் உறையை அவசரத்தில் கேஸ் அடுப்பில் வாட்டினேன். ஒரு நொடி கவனம் தவறியது, ஓரம் பழுப்பாகிக் குமிழ் விட்டது. மூக்கைக் குத்தும் ஒரு நெடி எழுந்து, தொண்டை பிடித்துக்கொண்டு இருமல் வந்தது. பிவிசியின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். கருகினால் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறும். ஈரம் பட்ட இடத்தில், அதாவது நம் கண்ணிலும் தொண்டையிலும், அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பக்கத்தில் தொங்கும் இரும்புக் கருவிகளையும் அது விட்டுவைக்காது. அன்றிலிருந்து தண்ணீரில் செய்தாலும் சரி, ஹீட் கன்னில் செய்தாலும் சரி, திறந்த வெளியில்தான். அறுக்கும்போது பறக்கிற தூளுக்கு முகக்கவசமும் போட்டுக்கொள்கிறேன்.

குளோரின் வேண்டாம் என்று கறுப்பு எச்டிபிஇ பைப்புக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் குளோரின் இல்லை என்பது உண்மை. குளிரில் பிவிசி உடையும் இடத்தில் இது வளைந்து கொடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் உறை செய்ய உட்கார்ந்தால் படுத்தி எடுக்கும். 130 டிகிரி வாக்கில் உருகிவிடும் பொருள் இது. அதற்குச் சற்று முன்புவரை இளகாமல் முரண்டு பிடிக்கும். பிடித்து நசுக்கினால் ஆறும்போது சுருங்கி, பாதி வடிவத்தைத் திருப்பிக்கொள்ளும். மெழுகுபோல் வழுக்கும் மேற்பரப்பு, சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. சூடு வைத்து வடிக்கும் உறைக்கு நான் எச்டிபிஇயை எடுப்பதில்லை. வெந்நீருக்கென்று வருகிற சிபிவிசி பைப்பிலும் ஒரு சிக்கல்: அது 110 டிகிரியைத் தாண்டித்தான் இளகும், கொதிநீர் பலிக்காது.

இனி கைடெக்ஸ். 1965-இல் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் விமானத்தின் உட்புறப் பாகங்களுக்காகக் கொண்டுவந்த தகடு இது. அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்தது. ஆக பைப்புக்கு இது அந்நியன் இல்லை, வசதியாக வளர்ந்த ஒன்றுவிட்ட தம்பி. கருகினால் அதே நெடிதான். 160-க்கு மேல், 200 டிகிரிக்குள் சூடாக்கிக் கத்தியின் மேல் போர்த்தி, இரண்டு நுரைப்பஞ்சு மெத்தைகளுக்கு நடுவே அழுத்தினால், பிடிக்கும் அலகுக்கும் நடுவில் உள்ள சின்னப் பள்ளம்கூட அச்சாக விழும். கத்தியைச் செருகினால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்த ஒரு சத்தத்துக்காகவே ஆட்கள் இதற்கு அடிமை. பைப்பில் அந்த 'டக்'கைக் கொண்டுவர நான் பலமுறை முயன்றேன். ஓரளவு வந்தது, சில மாதத்தில் தளர்ந்துவிட்டது. கத்தியைத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும், இடுப்பில் மாட்டிக்கொண்டு மரம் ஏற வேண்டும் என்றால் கைடெக்ஸை மட்டும்தான் நம்புவேன். பெட்டிக்குள் கிடக்கும் உளிக்குக் கைடெக்ஸ் போடுவது அலங்காரம்.

தோலின் நியாயமே வேறு. சத்தம் போடாது. அலகில் கீறல் விழ வைக்காது. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மணல் துகள் புகுந்தாலும், கத்தியை உருவும் ஒவ்வொரு முறையும் அது கோடு கிழிக்கும்; பளபளப்பாகத் தேய்த்த கத்தி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய துக்கம். தாவரச் சாற்றில் பதப்படுத்திய 3 மி.மீ. தோலை நனைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கத்தியின் மேல் வைத்து விரலால் அழுத்தி அழுத்தி வடித்துக் காயவைக்க வேண்டும். கூர்ப் பக்கம் தையலுக்கு உள்ளே ஒரு தோல் பட்டியைக் கூடுதலாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தி நூலையே அறுத்துவிடும். எனக்கு இரண்டு சாயங்காலம் பிடித்தது, கை வலி தனி. குரோம் முறையில் பதப்படுத்திய தோலை எடுக்காதீர்கள். அதில் தங்கும் உப்புகள் இரும்பை அரிக்கும். எந்தத் தோலாக இருந்தாலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஆகையால் கார்பன் எஃகுக் கத்தியை மாதக்கணக்கில் அதற்குள் போட்டு வைத்தால் துருதான் மிச்சம்.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஜப்பானியர்கள் 'சாயா' என்று இரண்டு பாதிகளாகக் குடைந்து ஒட்டுகிறார்கள், அதற்கு மக்னோலியா வகையைச் சேர்ந்த ஹோ என்ற மென்மையான மரம். நான் குடைந்த ஒன்று இன்னும் மேசையில் கிடக்கிறது, பாதியில். அட்டையும் டேப்பும்? வீடு மாறும்போது ஒரு நாளைக்குத் தாங்கும்.

பைப்பைப் புகழ்ந்ததால் அதன் குறைகளை மறைக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் என் கத்தி உறை ஒன்று வாய் பிளந்துகொண்டது. அதே ஞாபகசக்தியின் மறுபக்கம். நேர் வெயிலில் தொடர்ந்து கிடந்தால் நொறுங்கும் தன்மை வரும், கடும் குளிரில் கீழே விழுந்தால் விரிசல் விடும். அடிப்பக்கத்தை மூடினால் தண்ணீர் வடிய 4 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டே ஆக வேண்டும். பல வருடம் தொடாமல் வைக்கப்போகும் கத்திக்கும் பிவிசி வேண்டாம். அருங்காட்சியகங்களில் உலோகப் பொருள்களைச் சேமிக்கும்போது பிவிசியை ஒதுக்கிவிடுவார்கள், காலப்போக்கில் அது அமில வாயுவை மெதுவாக விடும் என்பதால். அப்படிப்பட்ட கத்திக்கு எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி வைப்பதே நல்லது.

நான் கழித்துக்கட்டிய எச்டிபிஇ பைப்புக்கும் ஒரு வேலை கிடைத்தது. மெல்லிய கறுப்பு பைப்பை ரம்பத்தின் நீளத்துக்கு வெட்டி, ஒரே ஒரு நேர்க்கோடாகப் பிளந்து, பல் வரிசையின் மேல் அழுத்தினால் போதும். சூடும் வேண்டாம், ரிவெட்டும் வேண்டாம். வடிவத்தை விடாத அதே பிடிவாதம் இங்கே பல்லைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. ரம்பத்துக்கு நான் மாட்டியது நாலு வருடமாகிறது, கழற்றிக் கழற்றி மாட்டியும் இன்னும் தளரவில்லை.