விரலுக்குத் தெரிந்த விளிம்பு: கையால் செதுக்கிய கண்ணாடியுடன் ஆறரை ஆண்டுகள்

எனக்கு இரு கண்களிலும் மைனஸ் 6.50 பவர். கண்ணாடியைக் கழற்றினால் முகத்துக்கு முன்னால் 15 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாம் கலங்கிவிடும். ஆகவே புதிய பிரேம் ஒன்றை முகத்தில் வைத்து நிலைக்கண்ணாடியில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் எனக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை. கடையில் இருக்கும் பிரேமில் பவர் இல்லாத லென்ஸ்தான் இருக்கும். அதை அணிந்ததும் எதிரே தெரிவது ஒரு மங்கலான முகமும் அதன் குறுக்கே ஒரு கறுப்புக் கோடும் மட்டுமே. யாரையாவது புகைப்படம் எடுக்கச் சொல்லி, பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்ப்பேன். ஆனால் புகைப்படம் நீள அகலத்தைத்தான் காட்டும். மேடு பள்ளத்தைக் காட்டாது. நான் ஆறரை ஆண்டுகளாக அணிந்துவரும் இந்தக் கண்ணாடியின் அழகு முழுவதும் அந்த மேடு பள்ளத்தில்தான் இருக்கிறது.

இது அசிடேட் என்ற பிளாஸ்டிக்கின் கெட்டியான பலகையிலிருந்து கையால் அறுத்து, அரத்தால் ராவி உருவாக்கிய பிரேம். பழுப்பும் தேன் நிறமும் கலந்தது. முன்பகுதியின் கனம் 8 மில்லிமீட்டர். கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் அசிடேட் பிரேம்களின் கனத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. இடப்பக்க வட்டத்தின் மேல் விளிம்பு புருவத்தை ஒட்டி உயர்ந்து, நெற்றிப்பொட்டை நோக்கிச் சரிவாக இறங்குகிறது; வலப்பக்கத்தில் அதே இடம் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக முடிகிறது. இரண்டும் வேறு வேறாக இருப்பது தவறல்ல, அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டது. என் புருவங்களில் ஒன்று சற்று உயர்ந்திருப்பதைக் கவனித்த வடிவமைப்பாளர், அதை மறைப்பதற்குப் பதிலாகப் பிரேமே அதை எடுத்துச் சொல்லட்டும் என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் ஒப்புக்கொண்டேன்.

கண்ணாடியைக் குறைபாட்டின் அடையாளமாகப் பார்க்காமல் முகத்தின் மேல் ஒரு வடிவமாகப் பார்த்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். 1930களில் அல்டினா ஷினாசி, வெனிஸ் திருவிழா முகமூடிகளின் சாயலில், வெளி ஓரங்கள் மேல்நோக்கி எழும் பிரேமை வடிவமைத்தார். கலைச் சேகரிப்பாளர் பெக்கி குகன்ஹைமுக்காகச் சிற்பி எட்வர்ட் மெல்கார்த் செய்த சிறகு வடிவக் கண்ணாடி, பெக்கியின் முகத்தை நினைக்கும்போதெல்லாம் உடன் வருகிறது. முகமூடி மறைக்கும், இவை மறைக்கவில்லை, அணிந்தவரை இன்னும் துலக்கமாகக் காட்டின.

அசிடேட் என்பது பஞ்சிலும் மரக்கூழிலும் உள்ள செல்லுலோஸிலிருந்து பெறப்படுவது. கையில் எடுத்ததும் உலோகத்தின் குளிர்ச்சி இதில் இருக்காது; சில நொடிகளில் உடம்பின் சூட்டை வாங்கிக்கொள்ளும். இத்தகைய பலகைகளுக்குப் பெயர்பெற்ற இத்தாலியின் மட்சுக்கெல்லி நிறுவனம் 1849இல் தொடங்கியபோது சீப்பும் பொத்தானும்தான் செய்தது என்று அறிந்தபோது எனக்கு வியப்பே ஏற்படவில்லை. நல்ல சீப்பின் முதுகைத் தடவும்போது விரலுக்குக் கிடைக்கும் அதே வழவழப்புதான் இதிலும் இருக்கிறது.

அந்த வழவழப்பை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்பதில்தான் கைவேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் உள்ள வேறுபாட்டை நான் புரிந்துகொண்டேன். பெருமளவில் செய்யும்போது, வெட்டிய பிரேம்களை மரத்துண்டுகளும் மெருகுப் பசையும் நிறைந்த பீப்பாய்களில் போட்டு நாள்கணக்கில் சுழல விடுவார்கள். பளபளப்பு வந்துவிடும். ஆனால் பீப்பாய்க்கு எந்த விளிம்பு வேண்டியது, எந்த விளிம்பு வேண்டாதது என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றுபோல மழுக்கிவிடும். என் பிரேமைப் பீப்பாயில் போடவில்லை. இடப்பக்க மேட்டின் உச்சியில் நூலிழை போன்ற ஒரு கூர் வரி ஓடுகிறது. அதன் இரு புறமும் மெருகேற்றி, அந்த வரியை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். இரவில் விளக்கை அணைத்தபின் படுக்கையருகே கைவைத்துத் தேடும்போது, அந்த வரி விரலில் பட்டதும் எது இடம், எது வலம் என்று தெரிந்துவிடும்.

என் அண்ணன் மகளுக்கு அப்போது நான்கு வயது. மடியில் உட்கார்ந்து அந்தச் சரிவில் விரலை மேலிருந்து கீழாக இழுத்தவள், "அத்தை, இதுல எறும்பு ஏறினா வழுக்கி விழுந்துடும்" என்றாள். பெரியவர்கள் பலர் அழகாக இருக்கிறது என்றோ கொஞ்சம் அதிகம்தான் என்றோ சொல்லியிருக்கிறார்கள். அதன் வடிவத்தைச் சரியாகச் சொன்னவள் அவள்தான்.

இனி அன்றாடப் பயன்பாட்டுக்கு வருகிறேன். லென்ஸுடன் சேர்த்து எடை 44 கிராம். முதல் மாதத்தில் மூக்கின் இரு புறமும் சிவந்த தடம் விழுந்தது. மாலையில் தலை கனத்தது. பிரேமை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். வடிவமைப்பாளர் மூக்கின் மேல் அமரும் பகுதியை மறுபடி ராவி, அந்தப் பரப்பு என் மூக்கின் சரிவோடு முழுவதுமாகப் பொருந்தும்படி செய்தார். காதுக்குப் பின்னால் வளையும் இடத்தையும் சூடாக்கி நான்கு மில்லிமீட்டர் முன்னே கொண்டுவந்தார். ஒரு கிராம் கூடக் குறையவில்லை, ஆனால் தடம் நின்றுவிட்டது. எடையை விட எடை எங்கே இறங்குகிறது என்பதே முக்கியம். சிற்பம் போன்ற பிரேம் வாங்க நினைப்பவர்கள் முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் அதைத் திருப்பி, மூக்கில் படும் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே அக்கறை இல்லாவிட்டால் வெளியே எவ்வளவு செதுக்கியிருந்தாலும் அது பெட்டிக்குள்தான் கிடக்கும்.

பவர் அதிகம் உள்ளவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. காதின் மேல் அமரும் தண்டின் உட்புறத்தில் பொறித்திருக்கும் 46, 20, 145 என்ற எண்கள் முறையே லென்ஸின் அகலம், மூக்கிடைவெளி, தண்டின் நீளம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் சொல்பவை. மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லியதாகவும் ஓரத்தில் தடிமனாகவும் இருக்கும்; லென்ஸ் சிறியதாக இருந்தால் அந்தத் தடித்த ஓரம் வெட்டுப்பட்டுப் போகும். எனக்கு ஓரத்தில் எஞ்சிய நான்கு மில்லிமீட்டரும் எட்டு மில்லிமீட்டர் பிரேமுக்குள் மறைந்துவிட்டது.

குறைகள் இருக்கின்றன. கெட்டியான தண்டு பக்கவாட்டுப் பார்வையை மறைக்கிறது; சாலையைக் கடக்கும்போது தலையை முழுவதுமாகத் திருப்பியாக வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இது நுழையாது என்பதால் அதற்கென்று மெல்லிய கம்பிக் கண்ணாடி ஒன்று தனியாக வைத்திருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் நடந்தது என் மனத்தை விட்டு இன்னும் போகவில்லை. பவர் மாறியதால் ஒரு கடையில் லென்ஸ் மாற்றக் கொடுத்தேன். புதிய லென்ஸைச் சற்றுப் பெரிதாக வெட்டிவிட்டு, அதை உள்ளே தள்ளுவதற்காகப் பிரேமை அளவுக்கு மீறிச் சூடாக்கியிருக்கிறார்கள். வலப்பக்கக் கீழ் மூலையில் கடுகளவில் மூன்று குமிழிகள் எழுந்துவிட்டன. அவை அசிடேட்டுக்குள்ளேயே இருப்பதால் எடுக்க வழியில்லை. அதைவிடப் பெரிய இழப்பு, நல்லெண்ணத்தில் அவர்கள் பஃபிங் சக்கரத்தில் கொடுத்த மெருகு. வாங்கிக் கையில் எடுத்ததுமே தெரிந்தது: இடப்பக்கக் கூர் வரி பாதிக்கு மேல் கரைந்துபோயிருந்தது. கடைக்காரர் பளபளப்பைக் காட்டி மகிழ்ந்தார். எனக்குக் கண் கலங்கியது.

வடிவமைப்பாளரிடம் எடுத்துச் சென்றேன். அவர் அந்த மேட்டை மறுபடி ராவி வரியை மீட்டார். ஆனால் அதற்காக இரு புறமும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இழக்க வேண்டியிருந்தது. இன்னும் இரண்டு முறைதான் இப்படிச் செய்ய முடியும் என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து லென்ஸ் மாற்றும்போது மெருகு போட வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கிறேன். இளஞ்சூட்டு நீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டுக் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பதோடு என் பராமரிப்பு முடிந்துவிடும். ஆல்கஹால் கலந்த கைச் சுத்திகரிப்பானை அருகில் கொண்டுபோவதில்லை. தண்டுகளின் உட்புறம் ஒரு முறை வெளிறியதற்கு அதுவே காரணம். கீல்களின் ஐந்து பற்களும் இன்றுவரை இறுக்கமாக இருக்கின்றன. திருகை ஆண்டுக்கு ஒரு முறை முறுக்குவதோடு சரி.

இந்த முறை பரிசோதனையில் இடக்கண் மைனஸ் 6.75 என்று வந்திருக்கிறது. அடுத்த வாரம் லென்ஸ் மாற்றக் கொடுக்கப் போகிறேன். தாளை எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.