சுங்கை சிப்புட் தேவாலயப் பின்னறை: தோட்டத் தொழிலாளர் உதவிச் சேவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளருக்காக ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு நடக்கும் இந்தச் சேவையின் பலம் அதன் முதல் கேள்வி: கடப்பிதழ் (பாஸ்போர்ட்) யாரிடம் இருக்கிறது? முதலாளி பிடித்து வைத்திருந்தால் 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். பிறகு வேலைக்கு ஆள் சேர்த்த ஏஜெண்டிடம் பட்ட கடன், சம்பளப் பிடித்தம், வெளியே போக அனுமதி உண்டா என்று ஒவ்வொருவரையும் தனியாக வைத்துக் கேட்டு எழுதுகிறார்கள். ஏஜெண்டின் ஆளை மொழிபெயர்க்க விடுவதில்லை. மிகச் சரி, அவன் எதிரே யார் வாய் திறப்பார்?

கேட்டால் மட்டுமே ஜெபம். அரிசிப் பைக்கு விசுவாசத்தை விலையாகக் கேட்பதே இல்லை.

பெரிய குறை ஒன்று. 2007 மனிதக் கடத்தல் தடுப்புச் சட்டத்தில் 21 நாள் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கிடைத்தால் காப்பகத்தில் தங்க வேண்டிவரும், ஊருக்குப் பணம் அனுப்புவது தடைபடலாம். இதைப் புகாருக்கு முன்பே விளக்காததால் பலர் பாதியில் பின்வாங்குகிறார்கள். உதவி பெற்றவர்களின் சாட்சிப் படங்களை முகநூலில் போடுவதும் கூடாது. முகத்தை மறைத்தாலும் பின்னால் தெரியும் லயமே (தொழிலாளர் வரிசை வீடுகளே) ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.